படகு வாங்கியாச்சு, இன்ஜினை யார் ஓட்டறது?

செய்யாத்தங்கரையில நெல்லு போடறவன் படகு இன்ஜினைப் பத்தி எழுத வந்துட்டானேன்னு சிரிக்காதீங்க. எங்க மாகறல்ல படகு கிடையாதுதான். ஆத்துல வருஷத்துல பாதிக்கு மேல மணல்தான் தெரியும். ஆனா 2021 நவம்பர்ல பாலாறும் செய்யாறும் ஓடின ஓட்டத்தைப் பார்த்தவங்களுக்கு, படகு எதுக்குன்னு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

இன்ஜின் எங்களுக்குப் புதுசு இல்ல. 1990ல எல்லா விவசாயிக்கும் இலவச மின்சாரம் வர்ற வரைக்கும் கிணத்துக்குக் கிணறு ஆயில் இன்ஜின் ஓசைதான். கரண்ட் வந்ததும் அதுங்கள்லாம் மூலைக்குப் போச்சு. மேல சாக்கு, அதுக்கு மேல வைக்கோல், கோழி முட்டை. அப்புறம் 2012ல தமிழ்நாடே கரண்ட் இல்லாம தவிச்சப்ப, சாக்கை எடுத்துட்டுக் கைப்பிடியைச் சுத்தினாங்க. மாசம் ஒரு தடவையாவது ஓட்டி வச்சவன் வயலுக்குத் தண்ணி பாஞ்சுது. சாக்கு போட்டவன் மெக்கானிக் வீட்டு வாசல்ல நின்னான். வித்தியாசம் இவ்வளவுதான். கம்பெனி, குதிரைசக்தி எல்லாம் அப்புறம்.

இப்ப நகரத்துக்கு வருவோம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப காரப்பாக்கத்துல சினிமாக்காரங்களே படகுல ஏறி வெளிய வந்ததைப் பார்த்தீங்க. அதுக்கப்புறம் தென்சென்னையில ஒரு அடுக்குமாடி அசோசியேஷன், எங்க அக்கா பையன் குடியிருக்கிற இடம், ஃபைபர் படகு ஒண்ணும் பழைய அவுட்போர்டு இன்ஜின் ஒண்ணும் வாங்கிச்சு. வாங்கினது நல்ல காரியம். வாங்கி எங்க வச்சாங்க தெரியுமா? பேஸ்மென்ட்ல! வெள்ளம் முதல்ல எங்க வருமோ அங்கயே கொண்டு போய்ப் பூட்டி, சாவியை செக்ரட்டரி மேஜைக்குள்ள போட்டாச்சு.

2024 அக்டோபர்ல மழை எச்சரிக்கை வந்துச்சு. வேளச்சேரி மேம்பாலத்து மேல காருங்க வரிசை கட்டின அதே நாளுங்க. இங்க இன்ஜின் கயிறை ஆளாளுக்கு இழுத்தாங்க, அசையல. உடனே என்ன முடிவு? "பழசு சார், காயலான் கடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடலாம்." பையன்தான் எனக்குப் போன் போட்டு, "மாமா, ஒரு தடவை வந்து பாருங்களேன்"ன்னான்.

அதுல செத்துப் போனது ஒண்ணுமே இல்ல. டேங்க்ல ஒரு வருஷத்துப் பெட்ரோல் நின்னிருந்துச்சு. இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலந்திருக்கு. அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து, தண்ணியாப் பிரிஞ்சு அடியில தங்கிடும். மிச்சம் பிசினாட்டம் ஒட்டி கார்புரேட்டர் ஜெட்டை அடைச்சிடும். டேங்கைக் காலி பண்ணி, கார்புரேட்டரைப் பிரிச்சுக் கழுவினோம். பிளக்கைக் கழட்டி, சிலிண்டர்ல ரெண்டு ஸ்பூன் ஆயில் விட்டு ராத்திரி பூரா ஊற வச்சுட்டு, காலையில ஃப்ளைவீலைக் கையால மெதுவா திருப்பினோம். வறண்ட சிலிண்டர்ல கயிறைப் பிடிச்சு வெறி பிடிச்ச மாதிரி இழுத்தா ரிங் சிலிண்டரைக் கீறிடும். முந்தின நாள் அவங்க பண்ணினது அதுதான்.

கீழ் கியர் பெட்டியில எண்ணெய் நல்லா இருந்துச்சு. பால் கலந்த காபி நிறத்துல வந்திருந்தா சீல் போய் தண்ணி புகுந்துடுச்சுன்னு அர்த்தம். அதுக்கு மேல ஒரு ரப்பர் இம்பெல்லர் இருக்கும். இன்ஜினைக் குளிர வைக்க ஆத்துத் தண்ணியை இழுக்கிறது அதுதான். ஓடாம ஒரே இடத்துல மடங்கிக் கிடந்தா அதோட இறக்கைங்க அப்படியே விறைச்சுப் போயிடும். அதை மாத்தினோம். விரிசல் விட்ட பெட்ரோல் ஓஸையும் மாத்தினோம். தண்ணி பீச்சற சின்னத் துளையை மண்குளவி அடைச்சு வச்சிருந்துச்சு, கம்பியால குத்தி எடுத்தோம். டூ ஸ்ட்ரோக் இன்ஜின்ங்கறதால, லிட்டருக்கு 20 மில்லி ஆயில் கலந்த புதுப் பெட்ரோல். பெரிய டிரம்ல தண்ணி நிரப்பி, இன்ஜின் கால் முங்கற மாதிரி மாட்டி, இழுத்தோம். நாலாவது இழுப்புல பிடிச்சுது. புது இன்ஜின் விலையில பத்துல ஒரு பங்குகூட செலவாகல.

இதை ஏன் இவ்வளவு விலாவாரியா சொல்றேன்னா, இது ரகசிய வித்தை இல்ல. காசிமேட்டுலயும் கோவளத்துலயும் மீனவப் பிள்ளைங்க கண்ணை மூடிட்டுச் செய்வாங்க. 2015 டிசம்பர்ல உங்களை மொட்டை மாடியிலேர்ந்து இறக்கினது யாரு? லாரியில படகை ஏத்திட்டு வந்த மீனவங்க. அவங்க இன்ஜின் ஏன் உடனே ஸ்டார்ட் ஆச்சு? அவங்க வச்சிருந்தது புது இன்ஜின்னா? இல்ல. நாலு நாள் முன்னாடிவரைக்கும் கடல்ல ஓடின இன்ஜின். அவ்வளவுதான் சங்கதி.

"எங்களுக்கு நேரம் இல்லீங்க, அரசாங்கம் பார்த்துக்கும்"னு சிலர் சொல்வீங்க. சரி, அரசாங்கமும் படகு வாங்குது. அந்த இன்ஜின்லாம் கடைசியா என்னைக்கு ஓடுச்சுன்னு வார்டு கூட்டத்துல யாராவது கேட்டிருக்கீங்களா? எத்தனை படகு இருக்குன்னுதான் கேக்கறீங்க. எண்ணிக்கைக்கு பேப்பர்ல படம் வரும். ஓட்டிப் பார்க்கறதுக்கு வராது. நீங்களும் அந்தப் படத்தைப் பார்த்து நிம்மதியாத் தூங்கிடறீங்க.

நான் சொல்றது ரொம்பச் சின்ன விஷயம். மாசம் ஒரு நாள், கால் மணி நேரம், டிரம் தண்ணியில ஓட்டணும். முடிக்கறப்ப பெட்ரோல் ஓஸைக் கழட்டிவிட்டு, கார்புரேட்டர் காலியாகித் தானா நிக்கற வரைக்கும் விடணும். படுக்கப் போடாம நிமித்தி மாட்டணும், உள்ள நிக்கற தண்ணி வடியும். மாடியிலயோ முதல் தளத்துலயோ வைக்கணும். இதுக்குன்னு ஒரு மீனவப் பையனைக் கூப்பிட்டு மரியாதையா கூலி கொடுக்கணும். வெள்ளத்தன்னைக்குக் கையெடுத்துக் கும்பிட்டவரை, வெயில் நாள்ல கேட்டுக்குள்ள விட மாட்டேங்கறது என்ன நியாயம்?

பையன் இதை அசோசியேஷன் கூட்டத்துல வச்சானாம். அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிட்டாங்களாம். லாபிக்குப் புது பெயின்ட் அடிக்கிற தீர்மானம் மட்டும் அன்னைக்கே பாஸாயிடுச்சாம்.