வீட்டிலேயே ஓர் ஒலிப்பதிவுக் கூடம்

சென்ற மாதம் ஆரியசாலையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர் நம்மை வழியில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மகன் ஓராண்டாகக் கிட்டார் கற்று வருகிறான். இப்போது பல தட ஒலிப்பதிவுக் கருவி ஒன்று வாங்கித் தரவேண்டும் என்று பிடிவாதம் செய்கிறானாம். "தம்பி, கையில இருக்கிற போன்லயே பாட்டப் பிடிச்சிரலாமே? இதுக்குன்னு தனியா ஒரு பெட்டி எதுக்கு? பய நம்மள ஏமாத்துதானோ?" என்றார். நாம் ரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம் பார்ப்பவரே ஆயினும், பத்து ஆண்டுகளாகக் கிட்டாரோடு மல்லுக்கட்டி வருபவர் என்பது சாலைக் கடைத்தெருவில் பலருக்கும் தெரிந்த செய்தி. அண்ணாச்சிக்கு நின்ற இடத்தில் கூறிய விடை அரைகுறையாயிற்று. முழு விடையை இம்மாதப் பகுதியில் எல்லா அன்பர்களுக்குமாக எழுதுகிறோம்.

முதலில் தடம் என்பது யாது என்று பார்ப்போம். சாதாரண ஒலிப்பதிவில் வீட்டிலுள்ள எல்லா ஓசைகளும் ஒன்றாகக் கலந்து ஒரே பதிவாகிவிடும். கலந்த பின் பிரிக்க முயல்வது, மோரிலிருந்து தண்ணீரைப் பிரிப்பது போன்றதே. பல தடக் கருவியிலோ ஒவ்வோர் ஓசைக்கும் ஒரு தனிப்பாதை உண்டு. ஒரு நிலையத்தில் நான்கு தண்டவாளங்கள் அருகருகே கிடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதற் பாதையில் கிட்டாரின் தாளக்கட்டை வாசித்துப் பதிகிறோம். பிறகு அதைக் காதுக்கருவியில் கேட்டுக்கொண்டே இரண்டாம் பாதையில் மெட்டை வாசிக்கிறோம். மூன்றாவதில் குரல், நான்காவதில் வேறொரு வாத்தியம். நான்கையும் ஒருங்கே ஓடவிட்டு, எது உரக்க ஒலிக்கவேண்டும், எது அடங்கி ஒலிக்கவேண்டும் என்று தீர்மானித்து, கடைசியில் ஒரே பாட்டாகச் சேர்த்துக்கொள்கிறோம். ஒரு தடத்தில் பிழை நேர்ந்தால் அந்தத் தடத்தை மட்டும் திருத்தினால் போதும்.

இந்தச் சௌகரியம் எளிதில் வந்ததன்று. முன்னாளில் திரைப்படப் பாட்டு ஒலிப்பதிவென்றால், பாடகரும் வாத்தியக்காரரும் ஒரே கூடத்தில் ஒரே வேளையில் கூடுவார்கள். ஒருவர் தவறினால் எல்லோரும் தொடக்கத்திலிருந்து வாசிக்க வேண்டியதுதான். அமெரிக்கக் கிட்டார் வித்துவான் லெஸ் பால் இதற்கு மாற்று தேடினார். தாமே வாசித்த பல கிட்டார் ஒலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி 1948-ஆம் ஆண்டில் இசைத்தட்டு வெளியிட்டார். 1957-இல் ஆம்பெக்ஸ் நிறுவனம் அவருக்கென எட்டுத் தடக் கருவி ஒன்றைச் செய்து கொடுத்தது. அது ஆளுயரப் பெட்டி. நம்மைப் போன்றவர் வீட்டுக்குள் நுழையாது. 1979-இல் ஜப்பானிலிருந்து தாஸ்காம் போர்ட்டாஸ்டூடியோ 144 என்னும் கருவி வந்தது. கடையில் விற்கும் சாதாரணக் காஸெட்டிலேயே நான்கு தடங்களைப் பதியும் வல்லமை அதற்கு இருந்தது. காஸெட்டின் இரு பக்கத்துத் தடங்களையும் ஒரே திசையில், இரட்டை வேகத்தில் அது ஓட்டியது. அதனால் அறுபது நிமிடக் காஸெட்டில் பதினைந்து நிமிடம்தான் கிடைக்கும். ஆனாலும் மேசைமேல் வைக்கக்கூடிய ஓர் ஒலிப்பதிவுக் கூடம் முதன்முதலாக எளியவர் கைக்கு எட்டியது அப்போதுதான்.

அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில் நியூ ஜெர்ஸியில் தாம் குடியிருந்த வீட்டிலே அத்தகைய கருவியில் சில பாடல்களைப் பதிந்தார். தம் குழுவினருக்குக் காட்டுவதற்கான மாதிரி என்பதே அவர் எண்ணம். பிறகு குழுவோடு பெரிய கூடத்தில் வாசித்துப் பார்த்தபோது, வீட்டுக் காஸெட்டில் இருந்த உயிர் அங்கே வரவில்லை. ஆகவே அந்தக் காஸெட்டையே 'நெப்ராஸ்கா' என்ற பெயரில் அவ்வாண்டே வெளியிட்டார்கள். நம் திருவனந்தபுரத்திலும் 1980-இல் பாடகர் யேசுதாஸ் அவர்களின் தரங்கிணி ஒலிப்பதிவுக் கூடம் தோன்றிற்று. பாட்டைப் பதிய வேண்டுமென்றால் சென்னைக்கு ரயிலேற வேண்டும் என்ற நிலை மாறத் தொடங்கிய காலம் அது.

இன்றைய கருவிகளில் காஸெட் இல்லை. தாஸ்காம், ஜூம் முதலிய நிறுவனங்களின் கையடக்கக் கருவிகள் நகமளவு நினைவட்டையில் பதிகின்றன. பல மாதிரிகள் பேட்டரியிலேயே இயங்கும். கணக்கு விரும்பும் அன்பர்களுக்காகச் சொல்கிறோம்: வினாடிக்கு 44,100 முறை அளந்து, 16 பிட் அளவில் பதிந்தால், ஒரு தடத்தின் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 5.3 மெகாபைட் பிடிக்கும். நான்கு நிமிடப் பாட்டை நான்கு தடங்களில் பதிந்தால் 85 மெகாபைட். 32 ஜிகாபைட் அட்டையில் ஒற்றைத் தடமாக நூறு மணி நேரம் பதியலாம். எனவே இடம் போதாது என்று எதையும் அழிக்கவேண்டிய அவசியம் இன்று யாருக்கும் இல்லை. இதை அன்பர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். காரணம் பின்னால் வரும்.

அப்பியாசம் செய்பவனுக்கு இக்கருவி தயைதாட்சணியமற்ற ஆசான். வாசிக்கும்போது நாம் தாளத்தோடு போவதாகவே நமக்குத் தோன்றும். நம் முதற் பதிவைக் கேட்டபோது, கடினமான இடத்தில் நிதானித்தும், எளிய இடத்தில் பாய்ந்தும் வாசித்திருப்பது தெரிந்து வெட்கினோம். அதனால் முதலில் மெட்ரோனோம் ஓசையைக் காதுக்கருவியில் ஓடவிட்டுத் தாளக்கட்டைப் பதிய வேண்டும். கர்நாடக முறையில் வாசிப்பவர் முதல் தடத்தில் சுருதிப்பெட்டியைப் பதிந்துகொள்வது நன்று. ஒவ்வொரு தடத்துக்கும் முன்னால் தந்திகளைச் சுருதி சரிபார்க்க வேண்டும். இந்த ஊர் ஈரக்காற்றில் அரைமணியிலேயே சுருதி மாறிவிடும். முதல் தடத்துக்கும் மூன்றாம் தடத்துக்கும் சுருதி பேதித்தால் அதைக் கலவையில் சரிசெய்வது கடினம்.

மைக்கைக் கிட்டாரின் வட்டத்துளைக்கு நேரே வைக்கலாகாது. ஓசை பானைக்குள் பேசுவதுபோல் இரையும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேராக, 25 அல்லது 30 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் தெளிவாக வரும். ஒலியளவுக் காட்டியில் உச்சம் மைனஸ் 12 டெசிபல் அளவில் நின்றால் போதும். பூச்சியத்தைத் தாண்டினால் ஓசை வெடித்துச் சிதையும். அதற்குப் பரிகாரம் இல்லை. காதுக்கருவி கம்பி உடையதாக இருக்கட்டும். கம்பியில்லாததில் ஓசை சிறிது தாமதித்து வருவதால் தாளம் தவறும்.

சாலையில் குடியிருப்பவருக்கு வேறு ஒரு சோதனையும் உண்டு. பகலெல்லாம் கடைத்தெரு இரைச்சல். இரவில் லாரியிலிருந்து வெங்காய மூட்டை இறக்கும் சத்தம். நமக்கு வாய்ப்பது இரவுச் சுமை இறங்கி முடிந்து, விடியற்காலைப் பால்வண்டி வருவதற்கு இடைப்பட்ட ஒரு மணி நேரமே. சன்னலைச் சாத்தி, கொடியில் இரண்டு ஜமுக்காளம் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு வாசிப்போம். வியர்வையில் சட்டை நனைந்துவிடும். அப்போதெல்லாம் ஓசை புகுந்துவிட்டால் எரிச்சலே வரும். அந்த எரிச்சலால் நேர்ந்த ஒன்றை இங்கே சொல்லவேண்டும்.

2019-இல் இக்கருவியைப் பையில் வைத்துக்கொண்டு, நெடுமங்காடு, பாலோடு, தென்மலை வழியாகச் செல்லும் பேருந்தில் ஊருக்குப் போனோம். எங்கள் ஊர் தென்காசிப் பக்கம். நம்மைத் தொட்டிலிலிட்டு அம்மா பாடிய தாலாட்டைப் பதிந்து, அதற்குக் கிட்டார் வாசித்து, சாலையில் பிறந்து வளரும் நம் மகளுக்குக் கொடுக்கவேண்டும் என்பது ஆசை. அம்மாவின் சுருதி எந்த ஃப்ரெட்டிலும் அடங்கவில்லை. இரண்டு கட்டைகளுக்கு நடுவே நின்றது. அம்மாவைக் கிட்டாருக்கு இழுக்காமல், கிட்டாரை அம்மாவுக்கு முடுக்கிக்கொண்டோம். அம்மா முற்றத்தில் அமர்ந்து, கூச்சம் நீங்கி, முழுவதும் பாடினாள். பாட்டின் நடுவே தாழ்வாரத்திலிருந்து அப்பா, "பால்காரன் வந்திருக்கான், செம்ப எடு" என்று குரல் கொடுத்தார். அம்மா பாட்டை நிறுத்தாமல் கையை மட்டும் அசைத்தாள்.

பதிவைக் கேட்டபோது அந்த நான்கு வினாடி நமக்குப் பொறுக்கவில்லை. குறிப்பிட்ட இடத்தில் மட்டும் பழைய ஒலியை அழித்துப் புதியதைப் பதியும் வசதி இக்கருவிகளில் உண்டு. அந்த அடியை மட்டும் மறுபடி பாடும்படி அம்மாவிடம் கேட்டோம். "இருந்துட்டுப் போகட்டுமேலே, அவுக சத்தந்தானே" என்றாள். நாம் கேட்கவில்லை. அவள் பாடினாள், நாம் பதிந்தோம். ஒட்டுத் தெரியாமல் அழகாக அமைந்தது. நம் கைத்திறனை நாமே மெச்சிக்கொண்டோம்.

மறுவருஷம் ஐப்பசியில் அப்பா காலமானார். காரியங்கள் முடிந்து சாலைக்குத் திரும்பிய பிறகுதான், அவருடைய குரல் எங்கேனும் இருக்கிறதா என்று தேடினோம். நம் கல்யாண வீடியோவில் அவர் நிற்கிறார், சிரிக்கிறார், பந்தியில் இலை போடச் சொல்லிக் கையைக் காட்டுகிறார். நாதசுரத்துக்கு மேல் பேச்சு ஒன்றும் கேட்கவில்லை. தொலைபேசியில் பேசியதை நாம் ஒருநாளும் பதியவில்லை. நம்மிடம் இருந்தது அந்த நான்கு வினாடியே. அதையும் நாமே உட்கார்ந்து, ஒழுங்காக, பிழையில்லாமல் அழித்திருக்கிறோம். திருத்துவதற்கு முன் அந்தத் தடத்தை மற்றோர் இடத்தில் பிரதி எடுத்து வைத்திருந்தால் போதும். அதற்கு இருபது மெகாபைட் இடம்கூடத் தேவைப்பட்டிராது. பிழையை ஓரளவு பின்வாங்கும் வசதியும் பல கருவிகளில் உண்டு. அதை நாம் படித்தறிந்தது பிற்பாடு.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவள் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. அந்தப் பதிவைப் போடச் சொல்லிக் கேட்டாள். அந்த இடம் வந்ததும், "இங்கதான் கூப்பிட்டாக" என்றாள்.

ஆகவே அண்ணாச்சிக்கும் மற்ற அன்பர்களுக்கும் நாம் கூறுவது இதுவே. பையன் ஏமாற்றவில்லை, கருவி பயனுள்ளதே. ஆயினும் உடனே பணத்தைக் கொட்டவேண்டாம். பேண்ட்லேப் போன்ற இலவசச் செயலிகளால் கையிலுள்ள போனிலேயே பல தடப் பதிவைப் பழகலாம். மூன்று மாதம் நாள் தவறாமல் அவன் பழகினால், பிறகு தனிக்கருவி வாங்கிக் கொடுங்கள். தனிக்கருவியில் போன் மணி அடிக்காது, செய்தி வந்து கவனத்தைக் கலைக்காது, பொத்தான்கள் விரலுக்குத் தெரியும். பழகுபவனுக்கு இவை பெரிய நன்மைகள். வாங்கும்போது ஒரே சமயத்தில் எத்தனை தடம் பதியலாம் என்று கேளுங்கள். ஆறு, எட்டுத் தடம் என்று சொல்லும் சிறிய கருவிகள் பலவற்றிலும் ஒரே வேளையில் இரண்டுதான் பதிய இயலும். தனியாளுக்கு அது தாராளம்.

இன்னும் ஒன்று. ஊரை விட்டு வந்து கடைத்தெருவில் பிழைக்கும் நம் குடும்பங்களில், ஊர்ப்பேச்சும் ஊர்ப்பாட்டும் பெரியவர் ஒருவர் இருவர் நாவில்தான் தங்கியிருக்கின்றன. கருவி வந்த அன்று பையன் முதலில் தன் பாட்டியைப் பதியட்டும். அடுக்களைப் பாத்திரம் உருளட்டும், தாத்தா இருமட்டும், பால்காரன் வரட்டும், நிறுத்தவேண்டாம். முதற் பதிவை அப்படியே ஒரு பிரதி எடுத்து அட்டையிலும், வேறொரு பிரதி கணினியிலும், மற்றொன்று ஊரிலுள்ள உறவினரிடமும் இருக்கும்படி செய்துவிட்டு, அதன்பின் பிரதியில் வேண்டிய திருத்தங்களைச் செய்துகொள்ளலாம்.

இந்த ஊர் ஈரக்காற்றிலிருந்து கிட்டாரின் மரத்தையும் தந்தியையும் காப்பது எவ்வாறு என்று அடுத்த இதழில் எழுதுவோம்.