செவியால் கற்கும் மொழி

“பட்டத்திற்கு உதவாது, பணிக்கும் உதவாது, இக்போ எதற்கு?” என்று நண்பர்கள் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. விடை சொல்வது என் கடமை.

நைசீரியாவின் தென்கிழக்கில் வாழும் மக்களின் தாய்மொழி இக்போ. இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் அதைப் பேசுகின்றனர். சினுவா அச்செபேயின் ஆங்கில நாவல்களைப் படித்தோர் நம்மிடையே பலர். அவர்தம் தாய்மொழியின் பெயரையேனும் அறிந்தோர் எத்தனை பேர்?

நான் கற்கத் தொடங்கிச் சில திங்களே ஆகின்றன. அதற்குள் கண்ட உண்மை ஒன்று: இம்மொழியைக் கண்ணால் மட்டும் கற்க இயலாது, செவி வேண்டும். ‘அக்வா’ என்னும் சொல்லைப் பாருங்கள். இரண்டு அசையையும் உயர்த்தி ஒலித்தால் அழுகை. உயர்த்தித் தாழ்த்தினால் துணி. தாழ்த்தி உயர்த்தினால் முட்டை. இரண்டையும் தாழ்த்தினால் படுக்கை! அன்றாட எழுத்திலோ இந்த ஏற்ற இறக்கத்தைப் பெரும்பாலும் குறிப்பதில்லை. ஏட்டை மட்டும் நம்பியவன் முட்டை கேட்கப் போய் அழுகையைக் கேட்டு நிற்பான்.

எளிமையும் உண்டு. அவன், அவள், அது என்று நாம் பகுப்பதை இக்போ பகுப்பதில்லை. எழுவாயாக வரும் ‘ஒ’ என்னும் ஓரொலியே மூன்றுக்கும் போதும்.

ஆங்கிலத்தால் உலகப் புகழ் பெற்ற அச்செபே, 1999-இல் ஓவெரி நகரில் தம் மக்கள் முன் இக்போவிலேயே உரையாற்றினார். தாய்மொழிப் பற்று நமக்கு மட்டுமே உரிய தனிச்சொத்து அன்று!

நம் ழகரத்தை வடபுலத்து நண்பர் லகரமாக்கினால் நகைப்போர் நம்மிடையே உண்டு. அவர்கள் ‘இக்போ’ என்னும் பெயரை அம்மக்கள் சொல்வதுபோல் சொல்லிப் பார்க்கட்டும். ககரமும் பகரமும் அடுத்தடுத்து வருவன அல்ல. அடிநாவும் இதழ்களும் ஒருசேர மூடி, ஒருசேரத் திறக்க வேண்டும். பிறகு நகைப்பு அடங்கும், பொறுமை பிறக்கும். பிறர் தமிழ் கற்க வேண்டும் என்று விரும்பும் நாம், கற்பவனின் இடர்ப்பாட்டை நாமே உணர வேண்டாமா?

ஆகவே, நம் சங்கம் வாரத்தில் ஒரு மணி நேரத்தைப் பிறமொழி ஒன்றுக்கு ஒதுக்கட்டும் என்பது என் கோரிக்கை. தொடக்கமாக ஒரு சொல் தருகிறேன். இக்போ நண்பரைக் கண்டால் ‘கெடு’ என்று சொல்லுங்கள். அஞ்ச வேண்டாம். நம் செவிக்குச் சாபமாக ஒலிக்கும் அச்சொல், அவர்கள் நாவில் “நலமா?” என்னும் அன்பு மொழி.