தோற்ற ஆட்டத்துக்கும் கணக்கு வேண்டும்

இந்தியச் சதுரங்கத்துக்கு இது பொற்காலம். 1988இல் விஸ்வநாதன் ஆனந்த் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது அது அரிய செய்தியாக இருந்தது. 2024 செப்டம்பரில் புதாபெஸ்ட் ஒலிம்பியாட்டில் பொதுப் பிரிவு, மகளிர் பிரிவு இரண்டிலும் நாம் தங்கம் வென்றோம். அதே ஆண்டு டிசம்பரில் 18 வயது குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார். 2025 ஜூலையில் திவ்யா தேஷ்முக் மகளிர் உலகக் கோப்பையைக் கைப்பற்றினார். இதன் விளைவு நம் வீடுகளிலும் தெரிகிறது. பயிற்சி வகுப்பு, போட்டிக் கட்டணம், வெளியூர்ப் பயணம் எனக் குடும்பச் செலவுக் கணக்கில் சதுரங்கத்துக்கென்று ஒரு வரி சேர்ந்துவிட்டது. பெரியவர்களும் அலுவலகம் செல்லும் ரயிலில் கைப்பேசியில் ஆடுகிறார்கள்.

ஆயினும் ஆர்வத்தோடு தொடங்கிய பலருடைய முன்னேற்றம் ஓரிரு ஆண்டுகளில் நின்றுவிடுகிறது. திறமை அவ்வளவுதான் போலும் என்று பெற்றோர் எண்ணுகின்றனர். பிள்ளையும் அதை நம்பிப் பலகையை மூடி வைக்கிறது. இந்த முடிவுக்கு வருமுன் ஒன்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஆடிய ஆட்டங்களில் எத்தனையை நாம் மீண்டும் எடுத்துப் பார்த்தோம்? பெரும்பாலும் ஒன்றையும் பார்த்திருக்க மாட்டோம். முன்னேற்றம் தடைப்படுவதற்கு முதற்காரணம் இதுவே என்பது நம் கருத்து.

நீண்ட நேர ஆட்டங்களில் இரு தரப்பு நகர்த்தல்களையும் ஆட்டக்காரர் எழுதிக்கொள்ள வேண்டும் என்பது விதி. அந்தத் தாள் ஆட்டத்தின் முழு வரலாறு. ஆனால் முடிவை எழுதிக் கையொப்பமிட்டதும் அது பையின் அடியில் கசங்கிப் போகிறது. வென்றால் மகிழ்ச்சி, தோற்றால் வருத்தம். இரண்டிலும் தாளை யாரும் திறப்பதில்லை.

கைப்பேசி ஆட்டத்தில் நிலைமை இன்னும் மோசம். மூன்று நிமிட ஆட்டத்தில் தோற்று, தரப்புள்ளி குறைந்ததும், விட்டதைப் பிடிக்க அடுத்த ஆட்டத்தைத் தொடங்குகிறோம். அதிலும் தோற்றால் இன்னொன்று. நள்ளிரவு வரை இது நீள்கிறது. பங்குச் சந்தையில் விட்ட பணத்தை அன்றைக்கே மீட்கத் துடிப்பவரின் மனநிலையும் இதுதான். நூறு ஆட்டம் ஆடியிருப்போம். ஒரே தவறை நூறு முறை செய்து அதையே பழக்கமாக்கியும் இருப்போம்.

இவ்விளையாட்டின் பெரியவர்கள் வேறு வழியில் சென்றனர். 1948இல் உலகச் சாம்பியனான சோவியத் வீரர் மிகாயில் போட்வின்னிக் மின்பொறியாளராகவும் பணிபுரிந்தவர். தன் ஆட்டங்களைத் தானே ஆராய்ந்து, அந்த ஆய்வைப் பிறர் பார்வைக்கும் வைக்க வேண்டும், அப்போதுதான் நம் கண்ணுக்குத் தப்பிய பிழையை மற்றவர் சுட்டுவர் என்பது அவர் கொள்கை. 1960இல் இளைஞர் மிகாயில் தாலிடம் பட்டத்தை இழந்தார். அடுத்த ஆண்டு, 49 வயதில், அதே தாலை 13–8 என்ற கணக்கில் வென்று பட்டத்தை மீட்டார்.

இன்று கணினி நிரல் ஒரு நொடியில் பிழையைக் காட்டிவிடுமே, நாம் ஏன் மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நிரல் பலகையைப் பார்க்கிறது. பலகைக்கு முன் அமர்ந்திருப்பவரைப் பார்ப்பதில்லை. குதிரையை நகர்த்தியது தவறு என்று அது சொல்லும். எதிராளியின் மிரட்டலைக் கவனிக்காமல் நகர்த்தினோமா, கடிகாரத்தைக் கண்டு பதறினோமா, வெற்றி கைக்கு வந்துவிட்டது என்று அசட்டையாக இருந்தோமா என்பதை அது அறியாது. குகேஷின் தொடக்க ஆண்டுகளில் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா அவரை நிரல்களிலிருந்து விலக்கியே வைத்திருந்தார் என்பதையும் இங்கே நினைக்கலாம். முதலில் தன் மூளையால் கணக்கிடப் பழக வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

2024இல் சிங்கப்பூரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் 14ஆவது ஆட்டம் இதற்குச் சான்று. டிங் லிரன் 55ஆவது நகர்த்தலில் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். யானைகளும் மந்திரிகளும் வெட்டுப்பட, ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருந்த குகேஷுக்கு வெற்றி உறுதியானது. சிப்பாய்கள் மட்டும் எஞ்சிய நிலையை ஆடத் தெரியாதவரா டிங்? பல மணி நேரம் ஆடிய களைப்பும் குறைந்துகொண்டிருந்த நேரமும் சேர்ந்தால் உலகச் சாம்பியனுக்கும் கண் மறைக்கும். ஆகவே பிழையைக் குறிக்கும்போது அது நேர்ந்த சூழலையும் சேர்த்துக் குறிக்க வேண்டும்.

இதற்கு ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். ஆடும்போது சில நகர்த்தல்களுக்கு அருகில் மீதமுள்ள நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஆட்டம் முடிந்ததும், எதிராளி இசைந்தால் அவரோடு அமர்ந்து பேசலாம். அவர் என்ன நினைத்தார் என்பதை வேறெவரும் சொல்ல முடியாது. பிறகு வீட்டில், நிரலைத் திறக்கும் முன், ஆட்டம் திசைமாறியதாகத் தோன்றும் மூன்று இடங்களைத் தேர்ந்து, அப்போது மனத்தில் ஓடியதை ஓரிரு வரிகளில் எழுத வேண்டும். அதன் பின்னரே நிரலின் தீர்ப்பைப் பார்த்து, பிழையின் காரணத்தை ஒரு சொல்லில் குறிக்க வேண்டும்: அவசரம், அசட்டை, நேரமின்மை, அறியாமை என்பது போல.

இருபது ஆட்டங்களுக்குப் பின் அந்தச் சொற்களை எண்ணிப் பார்த்தால், ஓரிரண்டு காரணங்களே திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். அறியாமை மிகுந்தால் புத்தகமோ பயிற்சியாளரோ உதவும். அவசரம் மிகுந்தால் எத்தனை தொடக்க வரிசைகளை மனப்பாடம் செய்தாலும் பயனில்லை. காயைத் தொடுமுன் எதிராளி எதை வெட்டக்கூடும், எங்கே செக் வைக்கக்கூடும் என்று ஒருமுறை பார்க்கும் பழக்கமே மருந்து. பயிற்சிக்குச் செலவிடும் பணம் எங்கே போக வேண்டும் என்பதையும் இந்த எண்ணிக்கையே காட்டிவிடும்.

வேலைக்குச் செல்பவர்க்கு இதற்கெல்லாம் நேரம் ஏது எனலாம். தினமும் ஒரு மணி நேரம் ஆடுபவர், பாதி நேரம் ஆடி, மீதியில் ஆடியதைப் பார்த்தால் போதும். ஆட்டங்களின் எண்ணிக்கை குறையும். அதனால் இழப்பொன்றும் இல்லை.

பெற்றோராகிய நாம் செய்யக்கூடியது இன்னும் எளிது. போட்டி அரங்கிலிருந்து வெளியே வரும் பிள்ளையிடம் முதலில் கேட்பது “ஜெயித்தாயா?” என்பதுதான். தோற்ற பிள்ளை அந்தக் கேள்வியில் தலைகுனிகிறது. தாளையும் ஒளித்து வைக்கிறது. “எந்த இடத்தில் ஆட்டம் மாறியது?” என்று கேட்டுப் பார்ப்போம். வென்ற பிள்ளைக்கும் தோற்ற பிள்ளைக்கும் அதற்கு விடை சொல்ல முடியும். சொல்வதற்காகத் தாளை எடுத்து விரிக்கவும் செய்யும்.