ஜடேஜாவைக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியது சரியா? சிஎஸ்கே போட்ட கணக்கு என்ன?

சேப்பாக்கத்தில் 'தளபதி' என்று கொண்டாடப்பட்ட ரவீந்திர ஜடேஜா இனி ராஜஸ்தான் ராயல்ஸ் வீரர். ராஜஸ்தானின் கேப்டனாக இருந்த சஞ்சு சாம்சன் இனி மஞ்சள் ஜெர்சியில். 2023 ஃபைனலில் கடைசி 2 பந்தில் 10 ரன் அடித்துக் கோப்பையை வாங்கித் தந்தவரையே அனுப்பலாமா என்று ரசிகர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனா, கணக்கையும் கொஞ்சம் பார்க்கணும்.

டீல் என்ன?

2025 நவம்பர் 15-ல் இந்த டிரேட் அறிவிக்கப்பட்டது. சஞ்சு ரூ.18 கோடிக்கு சென்னை வந்தார். பதிலுக்கு ஜடேஜாவும் சாம் கரணும் ராஜஸ்தான் போனார்கள். 18 கோடியாக இருந்த ஜடேஜாவின் சம்பளம் அங்கே 14 கோடியாகக் குறைந்தது. சாம் கரணுக்கு 2.4 கோடி. சிஎஸ்கே கையிலிருந்து போனது 20.4 கோடி சம்பளம், வந்தது 18 கோடி. ஏலத்துக்கு 2.4 கோடி மிச்சம்.

வயசுதான் காரணமா?

வயசு ஒரு காரணம், அவ்வளவுதான். 2025 சீசனில் 14 மேட்ச்சில் 4 வெற்றி மட்டுமே பெற்று, சிஎஸ்கே முதல்முறையாகக் கடைசி இடம் பிடித்தது. அந்த சீசனிலும் ஜடேஜா 301 ரன், 10 விக்கெட் எடுத்தார். ஆனா தோனிக்கு 44 வயசு. அவருக்குப் பிறகு யார் கீப்பர், டாப் ஆர்டரில் யார் வேகமாக ஆடுவார் என்ற 2 கேள்விக்கும் அணியில் பதில் இல்லை. 31 வயசு சஞ்சு அந்த 2 இடத்தையும் நிரப்புவார். ஜடேஜாவுக்கு 37.

சீனியரை வாங்கினால் தப்பா?

இல்லை. 2021-ல் இதே ராஜஸ்தானிடமிருந்து 35 வயசு ராபின் உத்தப்பாவை சிஎஸ்கே டிரேடில் வாங்கியது. விலை 3 கோடி. ரெய்னா காயமடைந்ததும் இறங்கியவர், டெல்லிக்கு எதிரான குவாலிஃபயரில் 63, ஃபைனலில் 15 பந்தில் 31 அடித்தார். கோப்பை வந்தது.

அடுத்த உதாரணம் அஸ்வின். 38 வயசில் 9.75 கோடிக்கு வந்தார். அணியில் நூர் அகமது, ஜடேஜா என 2 ஸ்பின்னர்களும் இருந்தார்கள். 9 மேட்ச், 7 விக்கெட். 2025 ஆகஸ்டில் ஐபிஎல்லில் இருந்தே ஓய்வு அறிவித்தார்.

2 பேருமே சீனியர்கள்தான். ஒருவர் காலி இடத்துக்குக் குறைந்த விலையில் வந்தார். இன்னொருவர் ஆள் இருந்த இடத்துக்குப் பெரிய விலையில் வந்தார்.

காஞ்சிபுரத்தில் பழைய பட்டுச்சேலையை விற்கப் போனவர்களுக்கு இது புரியும். கல்யாணச் சேலை என்ற பாசத்துக்குக் கடையில் விலை இல்லை. ஜரிகையில் எவ்வளவு வெள்ளி இருக்கு என்பதுதான் கேள்வி. அணிகளும் சீனியர் வீரரை அப்படித்தான் எடை போடுகின்றன.

எங்கே இடிக்கிறது?

ஜடேஜாவின் இடத்தில்தான். டிசம்பர் 16 ஏலத்தில், இந்திய அணிக்கே ஆடாத 20 வயசு பிரஷாந்த் வீரை சிஎஸ்கே 14.20 கோடிக்கு எடுத்தது. அவரும் இடதுகை ஸ்பின் போடும் ஆல்ரவுண்டர். அதாவது, ராஜஸ்தான் ஜடேஜாவுக்குக் கொடுப்பதைவிட 20 லட்சம் அதிகம். மிச்சம் பிடித்த காசு இங்கே செலவாகிவிட்டது.

அதனால் சஞ்சுவை வாங்கியது சரியான முடிவு. காலியாக இருந்த இடத்துக்குத்தான் அவர் வருகிறார். ரிஸ்க் இருப்பது அதன் மறுபக்கத்தில். 4 ஓவரும் போட்டு, கடைசி ஓவரில் பேட்டும் பிடிக்கும் ஜடேஜாவின் வேலையை ஒரு புதுப் பையன் முதல் சீசனிலேயே செய்யணும். இந்த டிரேட் லாபமா நஷ்டமா என்பதை சஞ்சுவின் ரன்னோடு சேர்த்து, பிரஷாந்தின் அந்த 4 ஓவரும் சொல்லும்.