ஆளி விதையும் சியா விதையும்: எவ்வளவு, எப்படி, யாருக்கு?



பிழைப்புக்காக மும்பை, புனே, டெல்லி, பெங்களூரு போன்ற பட்டணங்களில் குடியேறிய நம் குடும்பங்களின் சமையலறைகளில் கடந்த சில ஆண்டுகளாக இரண்டு விதைகள் இடம் பிடித்திருக்கின்றன. ஒன்று ஆளி விதை, மற்றொன்று சியா விதை. கைப்பேசியில் வரும் செய்திகள் இவற்றைச் சர்வரோக நிவாரணி என்று புகழுகின்றன. அதைக் கேட்டுச் சிலர் ஆர்வத்தோடு வாங்கி, முறை அறியாமல் உண்டு, பயன் காணாமல் விட்டுவிடுகிறார்கள். வேறு சிலரோ விதையை நம்பி இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். முந்தினது பணநஷ்டம், பிந்தினதோ உயிருக்கே ஆபத்து. ஆகையால் இவ்விரண்டையும் குறித்து இம்மாதம் சற்று விரிவாகச் சிந்திப்போம்.

1. இவை எங்கிருந்து வந்தவை?

ஆளி நம் தேசத்துக்குப் புதிதல்ல. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், பீகார், மகாராஷ்டிரத்தின் விதர்ப்பா ஆகிய இடங்களில் அது குளிர்காலப் பயிராக விளைகிறது. இந்தியில் அல்சி, மராத்தியில் ஜவஸ், கன்னடத்தில் அகசே, பீகாரில் தீசி என்று அதற்குப் பெயர். விதர்ப்பாவின் வீடுகளில் ஜவஸ் சட்னியும், வட கர்நாடகத்தில் சோளரொட்டியோடு அகசேப் பொடியும் ஏழைகளின் அன்றாட ஆகாரம். ஆகவே நாம் கண்ணாடிக் கடைகளில் அதிக விலை கொடுத்துத் தேடும் பொருளை, அடுத்த வீட்டுத் தாயார் தலைமுறை தலைமுறையாக அரைத்துவருகிறார் என்பதை மறந்துவிடக் கூடாது.

மும்பையில் வாழ்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "ஆளி" என்று கேட்டால் சில கடைக்காரர் "அளீவ்" என்று எண்ணிச் சிவந்த, நீண்ட சிறு விதையைத் தருவார்கள். அது பிள்ளை பெற்ற தாய்மாருக்கு லட்டு செய்து கொடுக்கும் வேறொரு விதை. நமக்கு வேண்டியது தட்டையாய், வழவழப்பாய், பழுப்பு நிறத்தில் பளபளக்கும் ஜவஸ்.

வேதத்தை வாசிக்கிற நமக்கு இந்தச் செடி அந்நியமானதும் அல்ல. யாத்திராகமம் 9-ஆம் அதிகாரத்தில் கல்மழையால் அழிந்த பயிர்களில் ஒன்றாகவும், யோசுவா 2-ஆம் அதிகாரத்தில் ராகாபின் வீட்டின்மேல் பரப்பப்பட்ட தட்டையாகவும் நம் தமிழ் மொழிபெயர்ப்பில் "சணல்" என்று காணப்படுவது, மூலபாஷையில் இந்த ஆளிச் செடியே. ஆனால் அங்கே அது நூலுக்கும் வஸ்திரத்துக்கும் உரிய பயிராகவே பேசப்படுகிறது, மருந்தாக அல்ல. "வேதாகம மருந்து" என்று பெயரிட்டு ஒருவர் இதைச் சபையாரிடத்தில் விற்க வந்தால், அந்தப் பெயருக்கு வேதத்தில் ஆதாரமில்லை என்று அறிந்துகொள்ளுங்கள்.

சியாவோ மெக்சிகோவுக்கும் குவாத்தமாலாவுக்கும் உரியது. பூர்வத்தில் அஸ்தேக் அரசர்களுக்கு மக்கள் அதைக் கப்பமாகச் செலுத்தினார்கள். நம் தேசத்தில் மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் விவசாயிகளுக்கு அதைப் பயிரிடும் முறையைக் கற்றுக்கொடுத்தபின், அது இங்கேயும் விளைகிறது. பலுடாவில் மிதக்கும் சப்ஜா விதையைச் சியா என்று பலர் எண்ணுகிறார்கள். இரண்டும் துளசிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்றாலும் ஒன்றல்ல. சப்ஜா முழுவதும் கருப்பாயிருக்கும், சில நிமிடங்களில் ஊதிப்போகும். சியா சாம்பலும் கருப்பும் வெள்ளையும் கலந்து புள்ளி புள்ளியாயிருக்கும், ஊற அதிக நேரம் எடுக்கும்.

2. இவற்றில் இருக்கிறது என்ன?

ஒரு மேசைக்கரண்டி ஆளிப்பொடியில், அதாவது ஏறத்தாழ 7 கிராமில், 2 கிராம் நார்ச்சத்தும் 1.6 கிராம் ஒமேகா-3 கொழுப்பும் உண்டு. ஒரு மேசைக்கரண்டி சியாவில், ஏறத்தாழ 12 கிராமில், 4 கிராம் நாரும் 2 கிராம் ஒமேகா-3 கொழுப்பும் உண்டு. சுண்ணாம்புச் சத்தும் சியாவில் நன்றாக இருக்கிறது.

இதன் அருமை எங்கே விளங்குகிறது? உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி பெரியவர்கள் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து உண்ண வேண்டும். நாம் உண்ணும் தீட்டிய அரிசிச் சோற்றில் ஒரு கிண்ணத்துக்கு ஒரு கிராம் நார்கூட இல்லை. ஊரில் வயலிலும் கடற்கரையிலும் உழைத்த சரீரம் இங்கே நாற்காலியிலும் மின்சார ரயிலிலும் நாளைக் கழிக்கிறது. உழைப்பு குறைந்தது, சோறோ குறையவில்லை. சர்க்கரை வியாதியும் மலச்சிக்கலும் நம் வீடுகளில் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்விதைகளின் நார் தண்ணீரில் கூழ்போலாகும் தன்மையுள்ளது. அக்கூழ் குடலில் உணவின் சர்க்கரை இரத்தத்தில் சேரும் வேகத்தைத் தணிக்கிறது. பித்தநீரைப் பற்றிக்கொண்டு வெளியேறுவதால் கெட்ட கொழுப்பு ஓரளவு குறையவும் உதவுகிறது.

ஆயினும் ஒமேகா-3 விஷயத்தில் ஒரு வரம்பு உண்டு. விதையிலுள்ள ஒமேகா-3 வேறு, மீனிலுள்ளது வேறு. விதையிலுள்ளதை நம் சரீரம் மீனிலுள்ள வகையாக மாற்றுவது மிகச் சொற்பம். ஆகவே மீன் உண்பவர்கள் விதையை நம்பி மீனை விட்டுவிட வேண்டாம். மும்பைச் சந்தையில் பாங்டா என்று விற்கும் கானாங்கெளுத்தியும், தார்லி என்று விற்கும் மத்தியும் எளிய விலையில் கிடைக்கும் நல்ல ஆகாரங்கள்.

3. எப்படி உண்பது?

ஆளி விதையை முழுதாக விழுங்கினால் அதின் கெட்டியான தோல் செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும். பலர் பயன் காணாததற்குக் காரணம் இதுவே. ஆகவே வாணலியில் இளஞ்சூட்டில் வெடிக்கும்வரை வறுத்து, ஆறவைத்து, பொடி செய்ய வேண்டும். பச்சை விதையில் நஞ்சுத்தன்மையுள்ள பொருள் சிறிதளவு உண்டு. வறுக்கும்போது அது குறையும். ஒரு கிண்ணம் ஆளியோடு வறுத்த மிளகாய், பூண்டு, சிறிது புளி, உப்பு சேர்த்து அரைத்தால் இட்லிக்கும் சாதத்துக்கும் ஏற்ற பொடியாகும். சப்பாத்தி மாவில் ஆளுக்கு ஒரு கரண்டி பொடி சேர்த்துப் பிசைந்தால் பிள்ளைகளும் மறுக்காமல் உண்பார்கள். பொடி சீக்கிரத்தில் காறிப்போகும். ஆகவே ஒரு வாரத்துக்கு வேண்டியதை மாத்திரம் அரைத்து, மூடிய பாத்திரத்தில் குளிர்பெட்டியில் வைக்கவும். கசந்து வாடையடித்தால் எறிந்துவிடவும். வர்ணக் கடைகளில் விற்கும் ஆளி எண்ணெய் மரத்துக்குப் பூசுவதற்கே உரியது; அதை ஒருபோதும் உண்ணக் கூடாது.

சியாவை அரைக்க வேண்டியதில்லை, ஆனால் ஊறவைக்க வேண்டும். அது தன் எடையைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு தண்ணீரை உறிஞ்சக்கூடியது. ஒரு கரண்டியை ஒரு தம்ளர் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, மோரிலோ கேழ்வரகுக் கூழிலோ கலந்து உண்ணலாம். உலர்ந்த விதையை வாயிலிட்டுத் தண்ணீர் குடிப்பது ஆபத்து. அமெரிக்காவில் 39 வயதுள்ள ஒருவர் அவ்விதம் செய்து, விதை உணவுக்குழாயில் ஊதி அடைத்துக்கொள்ள, மருத்துவமனையில் அதை அகற்ற வேண்டியதாயிற்று என்று 2014-இல் மருத்துவர்கள் அறிவித்தார்கள்.

இரண்டையும் அரைக் கரண்டியில் தொடங்குங்கள். இரண்டு வாரங்களில் ஒரு கரண்டி, தேவையானால் இரண்டு கரண்டி என்று உயர்த்துங்கள். திடீரென அதிகம் உண்டால் வயிறு உப்பும். தண்ணீரையும் கூடுதலாகக் குடியுங்கள். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல் நீங்குவதற்குப் பதிலாக அதிகரிக்கும்.

4. யார் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும்?

இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்கிறவர்கள், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து உண்கிறவர்கள், கர்ப்பவதிகள், குடல் அடைப்பு கண்டவர்கள், விழுங்குவதில் சிரமமுள்ள முதியோர் ஆகியோர் மருத்துவரைக் கேட்டபின்பே இவற்றைத் தொடங்க வேண்டும். மாத்திரைக்கும் விதைக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும். இல்லாவிட்டால் கூழ் மருந்தைப் பிடித்துக்கொள்ளும்.

கனடாவில் கால் இரத்தக்குழாய் வியாதியுள்ளவர்களுக்கு ஆறுமாதம் தினமும் 30 கிராம் அரைத்த ஆளி கொடுத்தபோது, இரத்த அழுத்தத்தின் மேல் அளவு ஏறத்தாழ 10 புள்ளி குறைந்திருந்தது என்று 2013-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அது நல்ல செய்திதான். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் மருந்தும் உண்டுவந்தவர்கள். மருத்துவரின் கண்காணிப்பில் இருந்தவர்கள். அச்செய்தியைப் பாதி மாத்திரம் வாசித்து மாத்திரையைக் குப்பையில் போடுவது ஞானமாகாது. அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும். பக்கவாதமோ ஒரே நாளில் வந்து, சம்பாதிக்கிற கையை முடக்கிப்போடும். ஊரில் உறவினர் சூழ இருப்பவனுக்கே அது பெரும்பாரம். அந்நிய பட்டணத்தில் வாடகை வீட்டில், தகப்பனின் ஒரே சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு அது என்னவாகும் என்று யோசித்துப்பாருங்கள். மருந்தைக் குறைக்க வேண்டுமானால், அழுத்தத்தை அளந்து பார்த்து மருத்துவரே குறைக்கட்டும்.

5. வரவுக்கு ஏற்ற செலவு

சியாவை வாங்க வசதியில்லாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. ஆளி அதைவிட மிகவும் மலிவு; குணத்திலும் குறைந்ததல்ல. அதுவும் கிடைக்காவிட்டால் கேழ்வரகு, கம்பு, கொள்ளு, தோலுள்ள பயறு, கீரை ஆகியவை நார்ச்சத்தை நிறைவாகத் தரும். மூன்று வேளையும் வெள்ளைச் சோறு குவித்து உண்டு, அதின்மேல் ஒரு கரண்டி விதையைத் தூவுவதால் பெரிய மாறுதல் உண்டாகாது. சோற்றைச் சற்றுக் குறைத்து, காய்களைக் கூட்டி, மாலையில் அரைமணி நேரம் நடந்து, அதோடு இந்த விதையையும் சேர்ப்பதே பிரயோஜனமுள்ள வழி.

இந்த வாரமே கால் கிலோ ஆளி வாங்கி வறுத்துப் பொடி செய்யுங்கள். பக்கத்து வீட்டு மராத்தியத் தாயாரிடம் ஜவஸ் சட்னியின் பக்குவத்தையும் கேளுங்கள். உங்கள் வீட்டில் மாத்திரை உண்கிற பெரியவர் அதைத் தவறாமல் உண்கிறாரா என்பதையும் இன்றிரவே ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.