கிறிஸ்மஸ் வெகுமதிகளைச் சிறுவர் எப்பொழுது திறத்தல் வேண்டும்?

டிசம்பர் மாதம் பிறந்து, பாளையங்கோட்டைத் தெருக்களில் காகித நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கியதும், கிறிஸ்தவர் இல்லந்தோறும் ஒரு வழக்கு விசாரணைக்கு வருகின்றது. வாதிகள் ஐந்து வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள சிறுவர் சிறுமியர், பிரதிவாதிகள் பெற்றோர், நியாயாதிபதி பெரும்பாலும் வீட்டிலுள்ள ஆச்சியே. வழக்கு யாதெனில், அலமாரியின் மேல்தட்டில் வண்ணக் காகிதத்திற் பொதிந்து வைக்கப்பட்டிருக்கும் வெகுமதியை எப்பொழுது திறக்கலாம் என்பதே. சிறுபிள்ளைகளின் இக்காரியத்திற்குக் கல்லூரிச் சஞ்சிகையில் இடமெதற்கென்று அன்பர் சிலர் புன்னகை செய்யக்கூடும். ஆயினும், ஒரு வீட்டார் தங்கள் பண்டிகையை எதன்பொருட்டுக் கொண்டாடுகின்றனர் என்றறிய விரும்புவோர், அவ்வீட்டில் வெகுமதி திறக்கப்படும் நாழிகையைக் கவனித்தாற் போதும் என்பது நம் அபிப்பிராயம்.

24-ஆம் தேதி மாலையிலேயே திறந்துவிடலாம் என்பார் சிலர். 25-ஆம் தேதி அதிகாலை ஆராதனைக்குப் புறப்படுமுன் திறக்க வேண்டும் என்பார் வேறு சிலர். ஆராதனை முடிந்து வீடு திரும்பிய பின்னரே திறத்தல் முறை என்பர் முதியோர். இக்காலத்தில் நான்காவதொரு கட்சியும் தோன்றியிருக்கின்றது. பார்சல் வந்த அன்றே, கொண்டுவந்த கூரியர் பையன் தெருக்கோடியைத் தாண்டுமுன்னே, கத்திரிக்கோலை எடுத்துக்கொள்வோர் அக்கட்சியினர். நவம்பர் மாதத்திலேயே இவர்கள் வீட்டுக் கிறிஸ்மஸ் முடிந்துவிடுகின்றது. இவர்களோடு வாதிப்பதிற் பிரயோஜனமில்லை. மற்றவர்களோடு சற்றுப் பேசுவோம்.

முதலாவது, இவ்விஷயத்தில் வேதவசனம் ஒன்றையும் ஒருவரும் காட்ட இயலாது. காட்டுவதெல்லாம் தேச வழக்கமே. ஜெர்மானியர் 24-ஆம் தேதி மாலையிலே மரத்தில் விளக்கேற்றி, அப்பொழுதே பிள்ளைகளுக்கு வெகுமதி வழங்குவர். ஆங்கிலேயர் 25-ஆம் தேதி காலை வரை காத்திருப்பர். ஒல்லாந்தர் நிக்கொலாஸ் அடியாரின் திருநாளுக்கு முந்திய மாலையாகிய டிசம்பர் 5-ஆம் தேதியையும், ஸ்பானியர் சாஸ்திரிகள் வந்து பணிந்ததை நினைக்கும் ஜனவரி 6-ஆம் தேதியையும் வெகுமதிக்கு உரிய நாள்களாகக் கொண்டனர். ஸ்காட்லாந்திலோ 1958-ஆம் ஆண்டு வரை டிசம்பர் 25 பொது விடுமுறை நாளாகவும் இருந்ததில்லை. நம் திருநெல்வேலித் திருச்சபை இவர்களில் எவரைப் பின்பற்றுவது? 1778-இல் குளோரிந்தா அம்மையாருக்கு ஞானஸ்நானம் கொடுத்த சுவார்ட்ஸ் ஐயரும், 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்து 1838-இல் இவ்வூரிலேயே மரித்த இரேனியுஸ் ஐயரும் பிரஷ்ய தேசத்தார். அவர்களுக்குப் பின் வந்த சி. எம். எஸ்., எஸ். பி. ஜி. சங்கத்தார் பெரும்பாலும் ஆங்கிலேயர். எனவே மாலைக் கட்சியாரும் காலைக் கட்சியாரும் ஆளுக்கொரு மிஷனெரியைச் சாட்சிக்கு அழைக்கலாம்; வழக்குத் தீராது. இங்கிலாந்தில் கிறிஸ்மஸ் மரம் வீடுதோறும் பரவியதே 1840-ஆம் ஆண்டுகளுக்குப் பிற்பாடுதான். அவர்கள் ஊசியிலை மரத்தை வெட்டினார்கள். நாம் சவுக்குக் கிளையை வெட்டி மண் நிரப்பிய வாளியில் நட்டோம். மரத்தையே நம் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொண்ட நாம், நாழிகையை மாற்றிக்கொள்வதற்கு அஞ்ச வேண்டுவதில்லை.

நம் முன்னோர் காலத்தில் வெகுமதி என்றால் புத்தாடையே. பொம்மையும் வண்ணக் காகிதமும் பின்னால் வந்தவை. அப்புத்தாடை எவ்வளவு பிரயாசையால் வந்ததென்பதை இக்காலத்துப் பிள்ளைகள் அறிவது நலம். தாமிரபரணிப் பாசனத்தில் பிசானநெல் டிசம்பரிலே பச்சைப் பயிராக நிற்கும். அறுவடை மாசி பங்குனியில்தான். தெற்கே தேரிக்காட்டுப் பனைத்தொழிலாளருக்கோ பதநீர்க்காலம் இன்னும் தொடங்கியிராது. ஆகவே வயற்காட்டாருக்கும் பனங்காட்டாருக்கும் ஒருங்கே கையிற் காசு வறண்டிருக்கும் மாதத்திலே கிறிஸ்மஸ் வந்து சேரும். தகப்பன் கடன் சொல்லித் துணி எடுப்பான். தையற்காரரிடம் ஊரார் துணியெல்லாம் குவிந்து கிடக்கும். அவர் 24-ஆம் தேதி இரவு இரண்டாம் ஜாமத்திலும் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்திலே காஜா போட்டுக்கொண்டிருப்பார். பஜனைக் கூட்டத்தார் மிருதங்கமும் தாளமுமாகத் தெருவில் வருகையில், சட்டை வராத பிள்ளைகள் அவர்களோடு கூடித் தையற்கடை வரையிற் போய் நிற்பதுண்டு. சட்டை வந்ததும் பாட்டையா அதைக் கையில் வாங்கி, ஜெபம் பண்ணி, பிள்ளையின் தோளிற் போடுவார். அதை உடனே உடுத்திக்கொண்டு கோயிலுக்குப் போக வேண்டும். ஆராதனைக்குப் பின் திறக்கலாம் என்று அதைப் பெட்டியிற் பூட்டிவைத்தால் அதற்குப் பொருளேயில்லை. ஆதலால் புத்தாடையை நம் விதியினின்றும் விலக்கிவிடுகின்றோம். நாம் பேசுவது விளையாட்டுச் சாமான், புத்தகம், வண்ணப்பெட்டி முதலியவற்றைக் குறித்தேயாம்.

இவற்றை ஆராதனைக்கு முன் திறந்துவிட்டால் பிள்ளையின் மனம் அமைதியடையும், திறவாவிட்டால் பிரசங்கம் முழுதும் அதன் நினைவாகவே இருக்கும் என்று காலைக் கட்சியார் வாதிக்கின்றனர். இவ்வாதத்தில் சிறிது உண்மையுண்டு. ஆனால் திறந்த பொம்மையின் நினைவு திறவாத பொம்மையின் நினைவைக்காட்டிலும் அடங்கியதென்று அவர்களுக்கு யார் சொன்னது? ஒரு கிறிஸ்மஸ் காலையில், குருவானவர் பெத்லெகேமின் அமைதியை வருணித்துக்கொண்டிருக்கையில், சாவி கொடுத்த தகரக் கார் ஒன்று பெஞ்சுகளின் கீழே உருண்டோடி, பீடத்துப் படியில் முட்டி, மல்லாந்து சுழன்றதை நாம் கண்ணாரக் கண்டோம். அதன் உரிமையாளன் புத்தாடையின் கால்சட்டைப் பையிலே அதைக் கொண்டுவந்திருந்தான். குருவானவர் நல்லவர், சக்கரம் நிற்கும் வரையிற் பொறுத்திருந்து பிரசங்கத்தைத் தொடர்ந்தார்.

மாலைக் கட்சியாருக்கு நாம் சொல்ல வேண்டியது வேறு. அன்றிரவு பஜனைக்காரர் வீடுவீடாய் வருவர். அவர்களோடு ஊர்ச் சிறுவர் எல்லாரும் வருவர். வாசலிலும் திண்ணையிலும் பிரித்த காகிதமும் பெட்டியுமாகப் பரப்பி வைத்திருக்கும் வீட்டின் முன்னே, தன் வீட்டில் ஒன்றும் இல்லாத பிள்ளை நின்று பாடுகின்றது. அது குறை சொல்வதில்லை. பாட்டை மட்டும் மறந்துவிடுகின்றது. இக்காலத்தில் அத்திண்ணை கைபேசிக்குள் புகுந்துவிட்டது. திறந்த பெட்டியோடு பிள்ளையைப் படம் பிடித்து உறவினர் கூட்டத்துக்கு அனுப்புகின்றனர். அவ்வாண்டு வேலையிழந்த சிற்றப்பன் வீட்டுப் பிள்ளையும் அதே படத்தைப் பார்க்கின்றதென்பதை ஒருவரும் நினைப்பதில்லை. படம் பிடிப்பது தவறென்று சொல்லவில்லை. அதை அனுப்புவதற்கு என்ன அவசரம் என்றே கேட்கின்றோம்.

ஆயின் நம் விதிதான் யாது? ஆராதனை முடிந்தபின் என்பது மட்டும் அன்று. பலகாரத் தட்டுகள் அயல்வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தபின் என்பதே. முறுக்கும் அதிரசமும் முந்திரிக்கொத்தும் அடுக்கிய தட்டைக் கைக்குட்டையால் மூடி, இந்து வீட்டுக்கும் முகமதியர் வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பது நம் நாட்டுக் கிறிஸ்மஸின் பழைய வழக்கம். அதைக் கொண்டுசெல்லும் ஊழியம் பிள்ளைகளுக்கே உரியது. இப்பொழுது பல வீடுகளில் அவ்வூழியம் வேலைக்கார அம்மாளிடம் போய்விட்டது. காரணம் வேறொன்றுமில்லை, பிள்ளை புதுப் பொம்மையை விட்டு எழுந்திருக்க மாட்டேனென்கின்றது. திறந்தபின் எழுப்ப இயலாது. திறக்குமுன் எழுப்புவது எளிது. ஐந்து வீட்டுக்குத் தட்டுக் கொண்டுபோய்க் கொடுத்து வந்தால் உன் பெட்டி உன் கையில் என்று சொல்லிப் பாருங்கள், அப்பிள்ளை ஓடும் ஓட்டத்தை! முறுக்குச் சிறிது நொறுங்கலாம், பாதகமில்லை.

நம் தேசத்தார்க்கு இது புதிதும் அன்று. நம் ஆச்சிமார், உலையில் அரிசியைப் போடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் இட்டு, ஞாயிறுதோறும் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். சோறு உண்டபின் மிஞ்சியதைக் கொண்டுபோகவில்லை. 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தை நிறுவி, தெலுங்கு நாட்டுக்குச் சொந்த ஊழியரை அனுப்பிய ஜனங்கள் இவ்விதப் பிடியரிசி வீட்டாரே. இன்னுமொன்று. மத்தேயு எழுதிய சுவிசேஷத்தில் சாஸ்திரிகள் பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் கொண்டுவந்த பகுதியை நிதானமாய் வாசித்தால், அங்கே பெட்டியைத் திறந்தவர்கள் கொடுக்க வந்தவர்களே என்பது விளங்கும். பெற்றுக்கொண்ட பிள்ளையோ கைக்குழந்தை. அது ஒன்றையும் அவிழ்த்துப் பார்த்ததாக எழுதப்படவில்லை.

கடற்கரையூர்களிலுள்ள கத்தோலிக்க சகோதரருக்கு நடுநிசிப் பூசையோடு பண்டிகை தொடங்கிவிடுகிறபடியால், அவர்கள் நம்மினும் சில மணி நேரம் முந்தித் திறப்பதை நாம் ஆட்சேபியோம்.

நாம் மனமார விட்டுக்கொடுக்கும் இடம் ஒன்றுண்டு. தகப்பன் துபாயிலோ குவைத்திலோ வேலை செய்யும் வீடுகள் நம் கிராமங்களில் இன்று மிகுதி. அவ்விடங்களில் டிசம்பர் 25 அரசாங்க விடுமுறை நாள் அன்று. அம்மனிதன் வேலை முடிந்து அறைக்குத் திரும்பி, கைபேசியில் வீட்டாரின் முகத்தைக் காண்பதற்கு இரவாகிவிடும். அன்று பகலில் ஒருவேளை அவனால் பேசவே இயலாமற் போகலாம். முந்தின இரவே ஓய்வு கிடைக்கலாம். அப்படிப்பட்ட வீட்டில், அவன் எந்த நாழிகையில் பார்க்கக்கூடுமோ அந்த நாழிகையே திறப்பதற்குரியது. நம் விதி அங்கே செல்லாது. நம்மவருக்குள் கொடுத்தவர் முன்னிலையிற் பொதியை அவிழ்ப்பது மரியாதையன்று என்றொரு கூச்சம் உண்டு. அதையும் அன்று விட்டுவிடலாம். ஓராண்டு முழுவதும் பாலைநிலத்து வெயிலில் உழைத்தவன் அப்பிள்ளையின் முகம் மலர்வதைக் காண்பதைவிட ஆச்சியின் சட்டம் பெரிதன்று.

இச்சட்டத்தை மிகக் கண்டிப்பாய்க் காத்த ஆச்சி ஒருவரை அறிவோம். அவர் வீடு ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே ஆற்றங்கரையூர் ஒன்றில் இருந்தது. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இப்பகுதியார் மறந்திரார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பெய்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஏறத்தாழ 800 பிரயாணிகளோடு ஸ்ரீவைகுண்டத்திலே நின்றுவிட்டது. தாமிரபரணி கரை கடந்து ஊர்களுக்குட் புகுந்தது. கிறிஸ்மஸுக்கு இன்னும் ஒரு வாரமே இருந்தது. ஆச்சியின் வீட்டிலும் வெள்ளம் இடுப்பளவு ஏறிற்று. தண்ணீர் வடிந்தபின் வீட்டார் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிவந்து பார்க்கையில், அலமாரி சாய்ந்து, ஏழு வயதுப் பேத்திக்கென்று வைத்திருந்த பெட்டி சேற்றிற் கிடந்தது. வண்ணக் காகிதம் கரைந்து பெட்டியில் ஒட்டியிருந்தது. ஆச்சி அதைத் தூக்கிப் பேத்தியின் கையிற் கொடுத்து, "இப்பவே தொற பிள்ளே, எது பிழைச்சிருக்குன்னு பாப்போம்" என்றார். உள்ளே வண்ணப் பென்சில்கள் இருபத்துநான்கும் ஒரு வரைபடப் புத்தகமும் இருந்தன. புத்தகம் பயன்படவில்லை. பென்சில்களை ஆச்சியும் பேத்தியும் கழுவி, பின்சுவரின்மேல் வரிசையாய் வைத்து வெயிலில் உலர்த்தினார்கள்.

25-ஆம் தேதி ஆராதனை நடந்தது. அவ்வாண்டு முறுக்குச் சுட அடுப்பும் இல்லை, மாவும் இல்லை; நிவாரணமாக வந்த பிஸ்கோத்துப் பொட்டலங்களில் நான்கை ஆச்சி தட்டில் வைத்து, பேத்தியிடம் கொடுத்து அயலாருக்கு அனுப்பினார். அவள் திரும்பிவந்தபின் நாம் அங்கே இருந்தோம். பழைய செய்தித்தாளில் தானே சுற்றி, தையல் நூலாற் கட்டி, சாய்ந்த அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்த பொதியொன்றை அவள் இறக்கிக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். முடிச்சை அவசரமின்றி அவிழ்த்தாள். "உள்ளே என்னவோ?" என்று ஆச்சி கேட்டார். "பொறுங்க ஆச்சி, பாக்கிறேன்லா" என்றாள்.