கேட்காமலே கிடைக்கட்டும் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

மக்கள் மனுப் போடாமலேயே அரசு அலுவலகங்கள் தகவல்களைத் தாமாக வெளியிட வேண்டும் என்கிறது தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் 4-ஆவது பிரிவு. இணையத்தையும் அதற்கு ஒரு வழியாகச் சொல்கிறது. ராஜஸ்தான் 2019-இல் தொடங்கிய 'ஜன் சூச்னா' இணையதளத்தில் நூறு நாள் வேலை, ரேஷன், ஓய்வூதிய விவரங்களை எவரும் பார்க்கலாம்.

எங்கள் செட்டியார்பட்டி போன்ற பேரூராட்சிகளுக்கும் இப்படி ஓர் இணையதளம் தேவை. தெருச் சாலைக்கு எவ்வளவு மதிப்பீடு, ஒப்பந்ததாரர் யார், வேலை எப்போது முடியும் என்பதெல்லாம் வார்டு வாரியாகத் தமிழில் கைபேசியிலேயே தெரிய வேண்டும். இந்த விவரங்களுக்காகக் கூலித் தொழிலாளி ஒரு நாள் சம்பளத்தை இழந்து அலுவலகத்துக்கு அலையக் கூடாது. கணக்கு கண்ணில் பட்டால்தான் மக்கள் கேள்வி கேட்க முடியும். தமிழக அரசு இந்த இணையதளத்தை விரைந்து தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செட்டியார்பட்டி, விருதுநகர் மாவட்டம்.